மந்தரக் கிதார்ப் பெருக்கி: மதிப்பும் மயக்கமும்

விலையும் மதிப்பும் ஒன்றென மயங்குதல் உலகியல்பு. நெல், துணி, மாடு முதலிய பொருள்களில் இம்மயக்கம் நெடுநாள் நில்லாது. ஏனெனில், அவற்றைக் கையால் தொட்டும் கண்ணால் நோக்கியும் தேர்ந்துகொள்ளும் பயிற்சி நம் முன்னோர் வழியாக நமக்கு வாய்த்துளது. கோட்டாற்றுக் கடைத்தெருவில் நான்கு அரிசியை வாயிலிட்டு மென்று, அது புதியதோ பழையதோ என்று சொல்லிவிடும் மூதாட்டியரை இன்றும் காண்கின்றோம். ஆனால், நேற்றுப் பிறந்த மின்சார யந்திரங்களை மதிப்பிடும் அளவுகோல் நம்மிடம் இல்லை. ஆதலின், விற்போன் சொல்லே அளவாகவும் விலைச்சீட்டே சான்றாகவும் ஆகிவிடுகின்றன. அத்தகைய யந்திரங்களுள் ஒன்றாகிய பேஸ் கிதார் ஆம்ப்ளிபயரை, அஃதாவது மந்தர ஒலிக் கிதாருக்குரிய பெருக்கியை, மதிப்பிடும் முறை யாது என்பதையும், உயர்ந்த விலைக்கு விற்கும் பெருக்கிகளின் கவர்ச்சி எதனால் உண்டாகின்றது என்பதையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி பொழுதுபோக்காக எழுந்ததன்று. நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்ச் சபையொன்றில், பாடகர் குழுவிற்கு ஒரு பெருக்கி தேர்ந்து தரும் பொறுப்பு எம்மையுள்ளிட்ட இளைஞர் மூவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அதற்கெனச் சேர்ந்திருந்த பொருள் செல்வர் ஒருவரின் நன்கொடையன்று. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்துச் சபைப் பெண்கள் கொணர்ந்த பிடியரிசிக் காணிக்கையும், ஆராதனை முடிந்தபின் ஆலய முற்றத்தில் ஏலம் விட்ட மட்டிக் குலையும் தேங்காயும் ஈட்டிய காசுமே அது. அதனைத் தவறாகச் செலவிட்டால், யந்திரம் ஒன்று வீணாயிற்று என்பதோடு குற்றம் முடிந்துவிடாது. மேலும், சில ஆண்டுகளுக்கு முன் '1000 வாட்' என முகப்பில் எழுதியிருந்த பெட்டியொன்றை ஒரு கடையில் வாங்கி, முதல் ஸ்தோத்திரப் பண்டிகையிலேயே அது கரகரத்து ஓய்ந்த அனுபவமும் எங்கள் சபைக்கு உண்டு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அணுகாதன்றோ? ஆதலின், இம்முறை ஆராய்ந்தே வாங்குவதென முடிவு செய்தோம்.

ஒரு கருவியின் தொழிலை அறியாதார்க்கு அதன் மதிப்புப் புலப்படாது. ஆகவே, பேஸ் கிதாரின் தொழிலை முதற்கண் நோக்குவோம். நம் இசை நூலோர் ஒலி நிற்கும் இடத்தை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். இவற்றுள் மெலிவு எனப்படும் மந்தர நிலையே இக்கருவியின் இருப்பிடம். நான்கு தந்தியுடைய பேஸ் கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறையும், ஐந்து தந்தியுடையதன் தடித்த தந்தி ஏறத்தாழ 31 முறையும் அதிர்கின்றன. பாட்டின் மெட்டை முன்னின்று நடத்துவது இதன் வேலையன்று. தாளத்தையும் மெட்டையும் இணைத்து, பாடுவோர் காலூன்ற ஒரு தரையமைத்துத் தருவதே இதன் வேலை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் தண்ணுமை ஆசிரியனுக்கு இலக்கணம் கூறுங்கால், ஒலியை எழுப்புமிடத்து எழுப்பியும் அடக்குமிடத்து அடக்கியும் அளவு மிகாமல் இயக்கவல்லவனையே தகுதியுடையோனாகக் காட்டுகின்றார். பேஸ் கிதார் தண்ணுமையன்று. ஆயினும், உடன் நிற்கும் கருவி எதற்கும் அவ்விலக்கணம் பொருந்தும். 1976-ஆம் ஆண்டில் 'அன்னக்கிளி' திரைப்படத்தின் வாயிலாக அறிமுகமான இளையராஜா, தம் பாடல்கள் பலவற்றில் இக்கருவியைத் தனியொரு மெட்டாக நடக்கவிட்டமையால், தமிழ் மக்களின் செவி இதன் பெயரை அறியுமுன்னரே இதன் ஒலியை அறிந்துகொண்டது.

இனி, இதன் பெருக்கிக்கு வருவோம். 1940-களில் அமெரிக்க நாட்டில் எவரெட் ஹல் என்பவர், ஆள் உயரம் நிற்கும் பெரிய டபிள் பேஸ் வாத்தியத்தின் அடிக்காலில் ஒலிவாங்கியைப் பொருத்தி அதன் ஓசையைப் பெருக்க வழி கண்டார். பெருக்கிய கால் என்னும் பொருள்பட அவர் இட்ட 'ஆம்பெக்' என்ற பெயரே பின்னர்ப் புகழ்பெற்ற வணிகப் பெயராயிற்று. 1951-இல் லியோ பெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின்சாரப் பேஸ் கிதாரை வெளியிட்டு, மறு ஆண்டே அதற்கெனப் 'பேஸ்மேன்' என்ற பெருக்கியையும் விற்பனைக்குக் கொணர்ந்தார். ஈண்டு ஒரு வேடிக்கை உண்டு. பேஸ் கிதாருக்கெனச் செய்த அப்பெருக்கியைப் பிற்காலத்தில் சாதாரணக் கிதார் வாசிப்போரே பெரிதும் விரும்பினர். 1960-களின் தொடக்கத்தில் இலண்டனில் ஜிம் மார்ஷல் தம் முதற் பெருக்கியை அதனை மாதிரியாகக் கொண்டே அமைத்தார். செய்தவன் கருதிய பயன் ஒன்று. கேட்டவன் கண்ட பயன் மற்றொன்று. சந்தை மதிப்பு என்பது தொழிற்சாலையில் மாத்திரம் பிறப்பதன்று என்பதற்கு இது சான்றாகும்.

1960-இல் ஆம்பெக் வெளியிட்ட 'பி-15' என்னும் பெருக்கி ஏறத்தாழ 25 வாட் ஆற்றலே உடையது. ஆயினும், இசைப்பதிவுக் கூடங்களில் அதற்கு நிலையான இடம் கிடைத்தது. அதே நிறுவனம் 1969-இல் வெளியிட்ட 'எஸ்.வி.டி.' 300 வாட் ஆற்றலும் பதினான்கு வால்வுகளும் கொண்டது. அதன் தலைப்பகுதி மாத்திரமே ஏறத்தாழ 40 கிலோ எடை. எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்கள் அடங்கிய அதன் பெட்டியை வாத்தியக்காரர் 'குளிர்ப்பெட்டி' என்றே வேடிக்கையாக அழைப்பர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1969-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இதனை மேடையேற்றவே, இதன் பெயர் உலகெங்கும் பரவிற்று. 25 வாட் பெருக்கியும் 300 வாட் பெருக்கியும் ஒரே நிறுவனத்தில் பிறந்து, இரண்டும் பெருமை பெற்றன. ஒன்று அறைக்கு உரியது. மற்றொன்று விளையாட்டு மைதானத்திற்கு உரியது. இவ்விரண்டின் வேற்றுமையை உணர்ந்தோர் மதிப்பிடும் கலையிற் பாதியை உணர்ந்தோராவர்.

இன்று வால்வுப் பெருக்கிகளோடு, 'டி வகுப்பு' எனப்படும் இலேசான பெருக்கிகளும் சந்தையில் உயர்ந்த இடம் பெற்றுள்ளன. இவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி இயங்குவதால், வெப்பமாக வீணாகும் ஆற்றல் மிகக் குறைவு. பெரிய இரும்பு மின்மாற்றியும் வேண்டுவதில்லை. 2001-இல் இத்தாலியில் தோன்றிய மார்க்பேஸ் நிறுவனத்தார், 500 வாட் ஆற்றலை மூன்று கிலோவுக்குக் குறைந்த எடையில் அடக்கிக் காட்டினர். ஒரு கையால் தூக்கிப் பேருந்தில் ஏறத்தக்க பெருக்கியை, நால்வர் சுமக்கும் பெருக்கியினின்று பிரித்தறிய விலைச்சீட்டு மாத்திரம் போதாது. அதற்குச் சில அளவுகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, வாட் என்னும் எண். வாங்குவோர் முதலில் வினவுவதும், விற்போர் முதலில் பொறிப்பதும் இதுவே. பெருக்கி இடைவிடாது தரவல்ல ஆற்றல் வேறு. இமைப்பொழுது தரும் உச்ச ஆற்றல் வேறு. 'பி.எம்.பி.ஓ.' என்ற எழுத்துக்களோடு வரும் எண்ணோ எந்தப் பொது அளவுமுறைக்கும் உட்பட்டதன்று. விற்போன் விரும்பியவாறு வளரவல்லது. எங்கள் சபை முன்னர் வாங்கிய பெட்டியின் பின்புறத்திலும் அவ்வெழுத்துக்களே மிகச் சிறியனவாய் இருந்தன. இத்தகைய மிகைக் கூற்றுக்களைத் தடுக்கவே அமெரிக்க அரசாங்கம் 1974-இல் வீட்டுப் பெருக்கிகளின் ஆற்றல் விளம்பரத்திற்கு ஒரு விதி வகுத்தது. மேலும், உண்மையான வாட் இருமடங்கானாலும் ஓசை இருமடங்காவதில்லை. 300 வாட்டுக்கும் 600 வாட்டுக்கும் உள்ள வேற்றுமை மூன்று டெசிபெல்லே. செவி அதனைச் சிறிதளவே உணரும். ஓசை இருமடங்காயிற்று என்று நாம் உணர வேண்டுமாயின், ஏறத்தாழப் பத்து டெசிபெல், அஃதாவது பதின்மடங்கு ஆற்றல் வேண்டும்.

இரண்டாவது, ஸ்பீக்கரின் உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும் ஓசையே இது. 94 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை நீக்கி 100 டெசிபெல் தருவதை வைத்தால், பெருக்கியின் ஆற்றலை நான்கு மடங்காக்கியதற்கு அது ஒப்பாகும். ஆகவே, விலையுயர்ந்த தலைப்பகுதியையும் மலிவான ஸ்பீக்கர்ப் பெட்டியையும் சேர்த்து வாங்குதல், உழவு மாட்டுக்குப் பட்டுப் போர்த்திக் கலப்பையை மறந்ததற்கு நிகராகும்.

மூன்றாவது, பெட்டியின் இலக்கணம். ஒரு சுரம் ஒரு ஸ்தாயி கீழிறங்கினால், அதே ஓசையைத் தர ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். மந்தர ஒலிக்குப் பெரிய கூம்பும் பெரிய பெட்டியும் வேண்டுவது இதனாலேயே. சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், மிகுந்த ஓசை என்னும் மூன்றனுள் ஏதேனும் இரண்டையே பெறலாம். மூன்றையும் ஒருங்கே பெறுதல் இயலாது. இதனைப் பொறியியலார் இரும்பு விதி என்பர். மூன்றும் உண்டெனச் சொல்லும் விளம்பரத்தை அவ்வளவில் ஐயுறுக. நன்கு செய்த பெட்டிகள் பலவும்கூட 41 அதிர்வின் அடியொலியை முழு ஓசையோடு தருவதில்லை. அதன் மேலெழும் இணையொலிகளைத் தெளிவாகத் தந்தால், அடியொலியை நம் செவியே இட்டு நிரப்பிக்கொள்கின்றது. ஆதலின், தெளிவே ஆழத்தினும் முதன்மையானது.

நான்காவது, தடையின் அளவாகிய ஓம். எட்டு ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் நான்கு ஓம் ஆகும். இக்காலப் பெருக்கிகளில் பல, தம் முழு ஆற்றலை நான்கு ஓமில்தான் தரும்; எட்டு ஓம் பெட்டி ஒன்றை மாத்திரம் இணைத்தவர் தாம் விலை கொடுத்த ஆற்றலின் ஒரு பகுதியையே பெறுவர். வால்வுப் பெருக்கியிலோ ஓம் பொருந்தியே இருத்தல் வேண்டும். ஸ்பீக்கரை இணையாமல் இயக்கினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி கெட்டுப்போகவும் கூடும்.

இவ்வளவுகளை அறிந்தபின், செவியாற் சோதிக்கும் முறையைக் கூறுவோம். குமிழ்களையெல்லாம் நடுநிலையில் வைத்து, தடித்த தந்தி முதல் மெல்லிய தந்தி வரை ஒவ்வொரு சுரமாக மெல்ல வாசிக்க. எச்சுரமேனும் தனித்துப் பொங்குகின்றதா, எச்சுரமேனும் மறைகின்றதா என நோக்குக. பின்னர், தந்திகளைக் கையால் அடக்கி ஓசையை உயர்த்தி, இரைச்சலும் முணுமுணுப்பும் எவ்வளவென்று கேட்க. முழு ஓசையில் வாசித்து, கூம்பு படபடக்கின்றதா என ஆராய்க. ஒரு மணி நேரம் இயக்கி, வெப்பத்தையும் விசிறியின் ஓசையையும் கவனிக்க. இரண்டு பெருக்கிகளை ஒப்பிடுங்கால் அவற்றின் ஓசையை முதலில் சமப்படுத்துக. ஏனெனில், சிறிது உரத்து ஒலிப்பதையே நல்லதெனத் தீர்ப்பது செவியின் பழைய பலவீனம். கடைக்காரர் இதனை நன்கறிவர். எல்லாவற்றினும் மேலாக, வாசிப்போன் அருகே நில்லாமல் கடைசி வரிசைக்குச் சென்று கேட்க. 41 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேற்பட்டது. அது சுவரிலும் மூலையிலும் மோதி, ஓரிடத்திற் பெருகி மற்றோரிடத்தில் மெலியும். கடையின் சிறிய அறையில் இனித்தது ஆலயத்தில் இனிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இங்ஙனம் சோதிக்கத்தக்க பொருளாயிருந்தும், சந்தையில் பெருக்கிகள் விலைபோவது பெரும்பாலும் வேறு காரணங்களால். அவற்றுள் முதலாவது தோற்றம். மார்க்பேஸின் மஞ்சள் நிறக் கூம்புகள் மேடையின் மறுகோடியிலிருந்தே இனங்காட்டும். வாத்தியக்காரனின் தலைக்குமேல் உயர்ந்து நிற்கும் எட்டு ஸ்பீக்கர்ப் பெட்டி, ஒரு சுரம் எழுமுன்னரே சபையை வணங்கச் செய்யும். இரண்டாவது பெயர். பிரசித்திபெற்ற வித்துவான் வாசித்த பெயரே நமக்கும் வேண்டுமென்ற அவா எளிதில் எழுகின்றது. ஜாகோ பாஸ்டோரியஸ் வாசித்த காரணத்தால் 'அக்கூஸ்டிக் 360' என்ற பெருக்கியை இன்றும் தேடி அலைவோர் உளர். ஆனால், பெயர் நிலைத்தாலும் உரிமையாளர் மாறுகின்றனர். ஆம்பெக் என்னும் பெயரே பல கை மாறி, 2018-இல் யமஹா குழுமத்தாரிடம் சென்றது. பெயரை வாங்குவோர் அதன் இன்றைய கைவினையையும் பார்த்து வாங்குதல் நலம். மூன்றாவது விலையே. உயர்ந்த விலையே உயர்ந்த குணத்தின் அடையாளம் என்று கருதும் மனம், தான் கொடுத்த விலையை நியாயப்படுத்தும்பொருட்டுக் குறைகளைக் காண மறுக்கின்றது.

ஆயினும், உயர்ந்த விலை முழுவதும் மயக்கமே என்று கூறுதலும் நேர்மையன்று. தடித்த பலகையால் அதிராமல் இணைத்த பெட்டி, பல்லாண்டு உழைக்கும் குமிழும் பொருத்துவாயும், பழுது பார்க்க எளிய உள்ளமைப்பு, நெடுநேரம் இயங்கினும் மாறாத ஓசை ஆகியவற்றிற்கு மெய்யாகவே செலவு உண்டு. நல்ல பெயருடைய பெருக்கியை மறுமுறை விற்கும்போது விலையிற் பெரும்பகுதி மீளவும் கூடும். மேற்கு வாத்தியங்களின் வாணிகமும் நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னையிலுள்ள மியூசி மியூசிகல் 1842-ஆம் ஆண்டிலேயே தோன்றிய கடை. நேர்மையான வியாபாரியிடம் பெருக்கியை இயக்கிப் பார்க்கக் கேட்டால் அவர் வெகுளார்.

இனி, நம் நாட்டு நிலைமை ஒன்றுண்டு; அயல்நாட்டு ஏடுகள் அதனைக் கூறா. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன; முட்டம், குளச்சல் முதலிய கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஓயாது வீசுகின்றது. ஈரமும் உப்பும் பொருத்துவாய்களை அரிக்கும். பெட்டியின் பலகையை உப்பச் செய்யும். நம் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்க நாட்டினின்று உறவினர் வழியாக வரும் பெருக்கி 120 வோல்ட்டுக்கு மாத்திரம் அமைந்ததாயின், முதல் நாளே எரிந்துபோகும். பண்டிகைக்காலத்து ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கத்தையும் கருதுதல் வேண்டும். பழுதானால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ சீர்செய்வாருண்டா, மாற்று வால்வு கிடைக்குமா என வினவாமல் வாங்கிய பெருக்கி, எத்துணை உயர்ந்ததாயினும், மூலையில் துணி போர்த்தி வைக்கும் அலங்காரப் பொருளாய் முடியும்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, எங்கள் ஆலயத்தில் ஒரு சனிக்கிழமை மாலை சோதனையொன்று நடத்தினோம். தெரிந்த இசைக்குழுவினரிடம் இரவல் பெற்ற மூன்று பெருக்கிகளை வேட்டித் திரைக்குப் பின் வைத்தோம். ஒன்று எட்டு ஸ்பீக்கர்ப் பெட்டியோடு கூடிய வால்வுப் பெருக்கி. அதன் விலை பல இலட்சம். மற்றொன்று இலேசான தலைப்பகுதியும் இரண்டு பத்தங்குல ஸ்பீக்கரும் உடையது. மூன்றாவது ஒரே பெட்டியிலமைந்த மலிவான காம்போ. கைப்பேசியிலுள்ள ஒலிமானியால் மூன்றையும் சமப்படுத்தி, பாடகர் குழுவோடு ஒரே கீர்த்தனையை மும்முறை வாசித்தோம். சபை மூப்பர்களும் பெண்களும் பின்வரிசைகளில் அமர்ந்து கேட்டனர்.

மலிவான பெட்டியின் குறை யாவர்க்கும் விளங்கிற்று. தடித்த தந்தி ஒலித்தபோதெல்லாம் ஒரு படபடப்பே கேட்டது. மற்றை இரண்டில் எது உயர்ந்த விலையுடையது எனப் பின்வரிசையிலிருந்தோர் கூற இயலவில்லை. அருகிருந்து வாசித்தவனோ வால்வுப் பெருக்கியின் ஓசையே மேலானதென்றான்; அது உண்மையே, யாமும் கேட்டோம். ஆனால், அதன் முழு ஆற்றலைச் சிறிது அவிழ்த்துவிட்டபோது சன்னற் கண்ணாடிகள் நடுங்கின. உயர்ந்த கூரையில் மந்தரம் தேங்கிப் பாட்டின் சொற்களை மூடிற்று. திறந்த வெளிக் கன்வென்ஷன் பந்தலுக்கு அரசனாகத் தக்க அப்பெருக்கி, நானூறு பேர் அமரும் எங்கள் ஆலயத்திற்கு மிகையாயிற்று. விரலுக்குத் தக்க வீக்கமே வேண்டும் என்ற பழமொழி இங்கும் பொருந்தியது. மேலும், ஆலயத்தில் மிக்ஸரும் பொது ஸ்பீக்கர்களும் இருத்தலால், பெருக்கியின் பின்புறமுள்ள இணைப்பு வழியாக ஒலியை அங்கு அனுப்பலாம். பெருக்கியின் வேலை பாடகர் குழு தன் காலடியைக் கேட்கச் செய்வதே.

இறுதியில் ஒரு சோதனை எதிர்பாராமல் நிகழ்ந்தது. பாட்டின் நடுவே கம்பியொன்று கழன்று, பேஸ் கிதார் ஓய்ந்துவிட்டது. கடைசி வரிசையில் பிடியரிசிக் கலயத்தை மடியில் வைத்திருந்த மூதாட்டியார் ஒருவர், அதுவரை யாதொரு கருத்தும் சொல்லாதவர், திரும்பி எம்மை நோக்கி, "பாட்டு அந்தரத்தில நிக்குதே, மக்களே" என்றார். அக்கருவியின் பெயரை அவர் அறியார். அதன் விலையையும் அறியார். ஆயினும் அதன் தொழிலை எம்மினும் நன்கறிந்திருந்தார். இருக்கும்போது தன்னைக் காட்டாமலும், இல்லாதபோது தன் இன்மையை உணர்த்தியும் நிற்கும் மந்தர ஒலியே நல்ல மந்தர ஒலி. அதனைத் தருவதே நல்ல பெருக்கி.

இலேசான இரண்டாவது வகையையே வாங்கினோம். மீந்த பொருள், மழைக்கு முன் ஆலயக் கூரையின் உடைந்த ஓடுகளை மாற்றச் சென்றது. பெரிய பெட்டியை விரும்பிய நண்பர் சிலர்க்கு இன்றும் சிறிது வருத்தமுண்டு. அதனை யாம் குறை கூறோம், எம் கண்ணும் அதன்மேற் சென்றதே. 1809-ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடியில் முதல் ஆலயத்தை எழுப்பியபோது மின்சாரமில்லை, பெருக்கியில்லை, பாட்டு இருந்தது. அப்பாட்டைத் தாங்குவதற்கே யந்திரம் வந்தது. தாங்கும் அளவே அதன் மதிப்பு. அதற்கு மேற்பட்டது விலை. இவ்வேற்றுமையை உணர்ந்து தேர்வோர் சந்தையில் ஏமாறார். பிறர் ஒப்புவித்த காசுக்குக் கணக்கொப்புவிக்கவும் கூசார்.